பட்டை உரிக்காத சிமெண்ட்

மலைச் சுற்றுலா இடம் எதற்குப் போனாலும் அது இருக்கும். ஏரிக்கரைப் பூங்கா, காட்சி முனை, அருவிக்கு இறங்குகிற படிக்கட்டின் ஓரம். வெட்டி நிறுத்திய அடிமரத் துண்டு மாதிரி ஓர் இருக்கை. மேலே வட்டமான தட்டைப் பரப்பு, அதில் ஏழெட்டு ஆண்டு வளையங்கள். பக்கவாட்டில் வெடிப்பு வெடிப்பாகப் பட்டை, வெட்டிய கிளையின் தழும்பு ஒன்று. காப்பிப்பொடி நிறம். கையால் தட்டினால் சிமெண்ட். பக்கத்திலேயே இதன் அண்ணன் இருப்பார்: இரண்டு சிமெண்ட் கட்டைகளின் மேல் நெடுக்காகப் படுத்திருக்கும் ஒரு சிமெண்ட் மரம், மூன்று பேர் உட்காரலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுகிற வழியில் இப்படி ஒன்றை உற்றுப் பார்க்க நேரம் கிடைத்தது. மூலை உடைந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, காற்றுக்குச் சாய்ந்த நிஜ மரம் ஒன்று துண்டு துண்டாக அறுக்கப்பட்டு லாரிக்குக் காத்திருந்தது. அந்தத் துண்டுகளின் மேலும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் யாரும் இல்லை.

இந்தப் பொய்மரங்களைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. சினிமாவுக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். பொது இடத்தில், பொதுப் பணத்தில், எல்லாரும் உட்காருவதற்காகச் செய்த ஒரு பொருளுக்கு எழுதக் கூடாதா என்ன?

"போலி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். என் தொழிலில் இந்தச் சண்டை ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தது. ஐபேடில் புத்தகம் படிக்கிற செயலியைத் திறந்தால் மரத்தாலான புத்தக அலமாரி தெரியும், நாட்காட்டியில் தோல் தைத்த விளிம்பு தெரியும். 2013-ல் ஐஓஎஸ் 7 வந்ததோடு அதெல்லாம் போய்விட்டது. மரம் இல்லாத இடத்தில் மரம் எதற்கு என்றார்கள். அன்றைக்கு எனக்கும் அது சரி என்றே பட்டது. ஆனால் அந்த வாதத்தை அப்படியே சிமெண்ட் பெஞ்சுக்குத் தூக்கிவர முடியாது. நம் ஊரிலேயே அதற்குப் பலமான பதில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டான். அதுவரை கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பதற்கு அந்தப் பெருமையே சாட்சி. அதற்குப் பின் மாமல்லபுரம் போய்ப் பாருங்கள். திரௌபதி ரதம் என்பது கூரை வேய்ந்த குடிசை, கல்லில். மற்ற ரதங்களில் மரக் கட்டடத்தின் உத்திரம், போதிகை, வளைந்த கூரைச் சரிவு எல்லாம் கல்லாக இருக்கின்றன. கல்லுக்கு அவற்றில் பாதி தேவையே இல்லை. போலிதான், சந்தேகமில்லை. ஆனாலும் அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

காரணம் எனக்கு இப்படிப் படுகிறது: பல்லவர் காலத்துச் சிற்பி பார்த்துச் செய்தது தச்சனின் வேலையை. உத்திரம் எங்கே சுமையை இறக்குகிறது, கூரை எங்கே திரும்புகிறது என்று மரத்தை வைத்து ஒருவன் யோசித்ததைக் கல்லில் எடுத்து வைத்தான். நம் சிமெண்ட் பெஞ்ச் பார்த்துச் செய்தது மரத்தின் தோலை மட்டும். தச்சன் ஒருவனிடமும் அது கேட்கவில்லை.

வெளிநாட்டிலும் இந்தப் பொய்மரத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. பிரெஞ்சில் ஃபோ புவா என்பார்கள், பொருள் அதேதான், பொய் மரம். சிமெண்டுக்குள் இரும்பு வைக்கிற முறைக்கு ஆரம்பகாலக் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவரான ஜோசஃப் மோனியே கட்டடப் பொறியாளர் இல்லை, தோட்டக்காரர். செடித் தொட்டி உடைந்துகொண்டே இருக்கிறதே என்று கம்பி வைத்து வார்த்தார், 1867-ல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பாரிஸில் திறந்த ப்யூத் ஷோமோன் பூங்காவில் கைப்பிடி வேலிகளெல்லாம் மரக்கிளை மாதிரி சிமெண்டில் செய்தவை. ஆக, இன்றைக்கு நம் வீட்டுத் தூணிலும் பாலத்திலும் இருக்கிற கம்பி போட்ட கான்கிரீட்டும், பூங்காவில் இருக்கிற இந்தப் பொய்மரமும் ஒரே காலத்துத் தோட்ட வேலையிலிருந்து வந்த பங்காளிகள். இருபதாம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து டெக்சஸ் போன டியோனிசியோ ரொட்ரிகெஸ் என்ற கைவினைஞர் இதை ஒரு கலையாகவே செய்தார். சான் அன்டோனியோ பக்கம் அவர் செய்த பஸ் நிறுத்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சாயம் கலக்கும் முறையை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாராம். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பட்டையில் பூச்சி அரித்த தடம்கூட இருக்கிறது. அந்த ஆள் மரத்தை வருஷக்கணக்கில் பார்த்தவர் என்று தெரிகிறது. நம் பூங்காக்களில் இருப்பது ஒரே அச்சில் வார்த்தது. பத்துக் கட்டைக்கும் தழும்பு ஒரே இடத்தில்.

சரி, நிஜமான மரத்தில் வெளியிடத்து பெஞ்ச் செய்தால் எப்படி இருக்கும்? கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டும் தச்சர்களிடம் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சிமெண்ட் பெஞ்ச் எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

முதல் வேலை பட்டையை உரிப்பது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரம் நிற்கும், துளைக்கிற வண்டு முட்டையிடுவது அங்கேதான். சின்னசேலம் பக்கம் ஒரு தச்சரிடம் "பட்டையோட விட்டா அழகா இருக்குமே?" என்று கேட்டேன். "பூச்சியை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி சார்" என்றார். ஆக, மரத்தில் செய்கிறவன் முதல் நாளே வீசி எறிகிற பகுதியைத்தான் சிமெண்ட்காரர் மெனக்கெட்டுக் கரண்டியால் கீறிக்கீறிச் செய்கிறார்.

இரண்டாவது, கட்டையை நிமிர்த்தி வைத்து உட்காருவது. மரத்தின் நார்கள் நெடுக்குவாட்டில் ஓடுகின்றன. குறுக்கே வெட்டிய முகம் என்பது ஆயிரக்கணக்கான உறிஞ்சு குழாய்களின் வாய். அதை வானத்தைப் பார்க்க வைத்தால் ஒவ்வொரு மழையையும் குடிக்கும். வளையம் வளையமாக அழகாகத் தெரிகிற அந்த முகம், வெளியில் போடுகிற இருக்கைக்கு மரத்தின் மிக மோசமான முகம். சிமெண்ட் இருக்கை நகலெடுத்தது அதைத்தான். அந்த வளையங்களைப் பள்ளமாகக் கீறிவைத்ததால், மழை விட்டு அரைமணி நேரம் கழித்தும் அதில் தண்ணீர் நிற்கிறது. மரத்துக்கு இருக்கிற குறை சிமெண்டுக்கு இயல்பாக வராது. வலிய வரவழைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சரியான முறை எது? மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளப்பது. இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. வளையத்தின் போக்கிலே சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் முழு உருளையாகக் கிடக்கிற கட்டை நடுத்தண்டு வரை ஆப்பு வடிவத்தில் வெடிக்கிறது. பாதியாகப் பிளந்துவிட்டால் அந்த இழுவிசைக்கு வழி கிடைத்துவிடும், வெடிப்பு குறையும். பிளந்த தட்டை முகம் என்ன ஆகும்? ஒரு பக்கம் 8 சதவீதம், இன்னொரு பக்கம் 4 சதவீதம் சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். 180 டிகிரியாக இருந்த முகம் 172 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். அதாவது நடுவில் லேசாக மேடு தட்டும். 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் மேடு. கொத்தனார் மொட்டைமாடிக்கு ரசமட்டம் வைத்துக் கொடுக்கிற வாட்டத்தை மரம் தானே கொடுத்துவிடுகிறது. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஆபீஸ் வேலையை நிறுத்திவிட்டு இன்னொரு முறை போட்டேன்.

காய வைப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்று. 45 சென்டிமீட்டர் மரத்தைப் பாதியாகப் பிளந்தால் 9 அங்குலம். ஒன்பது வருஷம் யார் காத்திருப்பது? தேவையில்லை. உட்காரும் கட்டை ஈரமாகவே இருக்கலாம், கால்கள் மட்டும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். துளை போட்டுக் காலைச் செருகி ஆப்பு அடித்தால், மேல்கட்டை காயக் காயத் துளை இறுகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், போல்ட் வேண்டாம். வெட்டின இரண்டு முனையிலும் சாணமோ மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில் போட்டுவைத்தால் முனை வெடிப்பது குறையும். கால்கள் மண்ணைத் தொடக் கூடாது. பழைய வீட்டில் மரத்தூணுக்கு அடியில் கல் இருக்குமே, அதே காரணத்துக்காகக் காலுக்கு அடியிலும் கல். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. வெளியிடத்து மரவேலையின் சூத்திரமெல்லாம் அந்த 20-க்குக் கீழே நிறுத்துவதற்கான தந்திரங்கள்தான்.

எந்த மரம் என்பதில் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதிய மரம் பெருத்தாலும் தூணாகாது என்பது ஆளைத் திட்டுகிற பழமொழியாகவே நமக்குத் தெரியும். அதற்கு முன் அது மரவாடிக் குறிப்பு. வைரம் பாய்ந்த கட்டை என்பதும் அப்படித்தான்: நடுவில் இருக்கிற கருத்த வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது, சுற்றியுள்ள வெள்ளையைத் தொடும். வேம்பு, கருவேலம், பலா எல்லாவற்றிலும் வைரம் உண்டு. புளியில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு, ஆனால் நார் பின்னிக்கொண்டு இருப்பதால் சீக்கிரம் பிளக்காது. கறிக்கடையில் வெட்டுகிற கட்டை புளியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பிளக்காத மரத்தைப் பிளப்பது சிரமம் என்பதால் புளியை ரம்பத்தில்தான் அறுக்க வேண்டும்.

புளியைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சாலையோரங்களில் விழுகிறதும் வெட்டப்படுகிறதும் பெரும்பாலும் அதுதான். சாலை அகலமாகிறபோது போகும், புயலுக்குப் போகும். விழுந்த மரத்தைத் துறை ஏலம் விடும். ஏலம் எடுத்தவருக்கு லாரி வாடகையும் ஆள் கூலியும் போக மிஞ்ச வேண்டும், அதனால் நின்று தரம் பார்க்க நேரமில்லை. கொஞ்சம் கறிக்கடைக் கட்டைக்குப் போகும், மீதி செங்கல் சூளைக்கும் விறகுக்கும். ஐம்பது அறுபது வருஷம் நிழல் கொடுத்த மரம் ஒரே வாரத்தில் சாம்பல். அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பூங்கா வந்தால், அதில் புளிய மரம் மாதிரி சிமெண்ட் பெஞ்ச்.

மலைமேல் கதை இன்னும் சிக்கல். காப்புக்காட்டுக்குள் விழுந்து கிடக்கிற மரத்தை 1882-ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி சும்மா எடுத்துவர முடியாது. மரத்தை ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டுபோக 1968-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. கல்வராயன் மலையில் சந்தனக் கடத்தலின் பழைய சரித்திரத்தை நினைத்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. காட்டில் வாழ்கிற பழங்குடிகளுக்கு உரிமையான சிறு வன விளைபொருள்களின் பட்டியல் அது. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு என்று போகிற அந்தப் பட்டியலில் அடிக்கட்டையும் இருக்கிறது. மரம் கிடையாது, மரம் வெட்டிய பின் மிஞ்சுகிற அடிக்கட்டை உண்டு. கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினர் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றால், ஒருவர் உட்காருகிற முக்காலிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சுக்கு இல்லை. சட்டம் எழுதியவர்கள் பெஞ்சை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்தான்.

சிமெண்டைத் தேர்ந்தெடுக்கிற அரசுப் பொறியாளரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எஸ்டிமேட் போட வேண்டும். கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் விலைப்பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. விழுந்த மரத்தில் செய்த பெஞ்சுக்கு என்ன விலை போடுவார்? கரையான் அரித்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? மரத்தை ஏலம் விட்டு வருகிற பணம் ஒரு கணக்குக்குப் போகிறது, பெஞ்ச் வாங்குகிற பணம் வேறொரு கணக்கிலிருந்து வருகிறது. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இது ரசனைக் குறைவால் வந்தது இல்லை, கணக்கு வழக்கால் வந்தது. அப்படியானால் வெறும் சிமெண்ட் பெஞ்சாகவே போட்டிருக்கலாமே என்பது என் கேள்வி. சாய்மானத்தில் 'உபயம்' எழுதிய ரயில் நிலையத்துப் பழைய பெஞ்சுகள் எந்த வேஷமும் போடவில்லை. தண்ணீரும் தேங்காது, உட்கார்ந்தால் முதுகும் வலிக்காது. என்னைக் கேட்டால் அவை நல்ல பொருள்கள்.

இதற்கிடையில் கள்ளக்குறிச்சி என்றாலே மரம்தான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த கைகள் இருக்கின்றன. சாமி உருவங்கள், கதவு, தொங்கட்டான் வைத்த நிலைப்படி. இவர்களை வைத்தே செய்யலாமே என்று உடனே தோன்றும். தோன்றியதும் ஒரு பயமும் வந்தது. இந்தச் சிற்ப மரபுக்கு வெற்றிடம் பிடிக்காது. ஒரு விரற்கடை மரம் காலியாக இருந்தாலும் கொடி ஓடும், மயில் உட்காரும். கதவுக்கு அது அழகு. பெஞ்சில் மயில் செதுக்கினால் மயிலின் மூக்கு முதுகில் குத்தும். இவர்களிடம் கேட்க வேண்டியது அலங்காரத்தை இல்லை, மரத்தைப் படிக்கிற கண்ணை. எந்தக் கட்டை எந்தப் பக்கம் திரும்பும், வைரம் எதுவரை ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்கிறவர்கள். அந்த அறிவுக்குப் புவிசார் குறியீடு தனியாக எதுவும் கொடுக்கவில்லை.

அலங்காரம் இல்லாத பொதுப்பொருள் நமக்குப் புதிதும் இல்லை. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள்: நட்ட கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்கு முன் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கிவைக்கத் தோதான உயரம். துக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிற அந்தப் பொருளில் வேறு எந்த வேஷமும் கிடையாது. பெஞ்சுக்கும் அதே மூன்று துண்டுதான் வேண்டும், உயரம் மட்டும் ஒன்றரை அடி.

ஆகவே நான் கேட்பது சின்னது. சாலையோர மரத்தை ஏலம் விடும்போது அடிமரத்தில் ஆறடியை மட்டும் ஏலத்தில் சேர்க்காமல் நிறுத்திவைக்கலாம். மீதி வழக்கம்போலச் சூளைக்குப் போகட்டும். 45 சென்டிமீட்டர் புளிய மரத்தில் ஆறடியை நெடுக்கே பிளந்தால் இரண்டு பெஞ்ச், ஒவ்வொன்றும் பச்சையாக நல்ல கனம். திருடிப்போக நாலு ஆளும் ஒரு வண்டியும் வேண்டும். முனையில் சாணம் பூசி ஒரு மழைக்காலம் நிழலில் கிடக்கட்டும். கால் போடுகிற வரை அது பெஞ்ச் இல்லை என்று ஊரில் யாரும் காத்திருக்கப் போவதில்லை. லாரிக்காகக் கிடந்த துண்டுகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள், சொன்னேனே.